சி.சி. மட்டும் பார்த்தா போதுமா பாஸ்?

ஹாஸ்டல் ரூம்ல நைட் பன்னெண்டு மணிக்கு ஒருத்தன், 'பைக்ல எதுடா பெஸ்ட்?'னு ஆரம்பிச்சா என்ன ஆகும்? சி.சி., பிக்கப், மைலேஜ்னு விடிய விடியப் பட்டிமன்றம்தான்! பாக்கெட்ல பத்து ரூபா இருக்காது. ஆனா, கம்பேர் பண்றதுல நம்மை அடிச்சுக்க ஆள் கிடையாது.

இந்த செமஸ்டர் லீவுல நானும் அப்படி ஒரு கம்பேரிஸன்ல இறங்கினேன். பைக் இல்லை, செல்போன் இல்லை. மரம் அறுக்குற மிஷின்! அதாங்க, செயின்சா.

எனக்கு ஊர் சங்கரன்கோவில். ஆடித்தபசுக் கூட்டமும் விசைத்தறிச் சத்தமும்தான் எங்க ஊருக்கு அடையாளம். எங்க வீட்டுக்கு மட்டும் கூடுதலா ஒரு சத்தம் உண்டு. என் தாய்மாமா பதினெட்டு வருஷமா மரம் அறுக்குற வேலை பார்க்கிறார். கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம், ரோட்டோரத்துல சாஞ்ச புளியமரம், வீட்டு மேல விழப் பார்க்குற வேம்பு... எதுன்னாலும் மாமாவுக்குத்தான் போன் வரும். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டப்போ, அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டைப் பக்கம் போய், விழுந்து கிடந்த தென்னையை எல்லாம் இருபது நாள் அறுத்துட்டு வந்தார்.

அந்த மாமாதான் ஒருநாள் கேட்டார். "ஏட்டி, நீ மெக்கானிக்கல்தான படிக்கே? பழைய மிஷினு இனி தாங்காது. எத வாங்கலாம்னு பாத்துச் சொல்லு தாயி."

விடுவேனா! ரெண்டு கம்பெனி கேட்லாக்கையும் எடுத்து வெச்சுக்கிட்டு, நோட்டுல கட்டம் போட ஆரம்பிச்சுட்டேன்.

முதல்ல ஜெர்மனிக்காரர் ஸ்டில். எம்.எஸ்.250-க்கு 45.4 சி.சி., 2.3 கிலோவாட், எடை 4.6 கிலோ. அடுத்து எம்.எஸ்.261. இது 50.2 சி.சி., 3 கிலோவாட், 4.9 கிலோ. வெறும் முன்னூறு கிராம் கூடுது, பவர் முப்பது பர்சென்ட் எகிறுது! பெரிய மரத்துக்குன்னா 72.2 சி.சி.யில எம்.எஸ்.462. இது 4.4 கிலோவாட், 6 கிலோ. அதே கிளாஸ்ல ஸ்வீடன்காரர் ஹஸ்க்வர்னா நிறுத்தியிருக்கிற ஆள் 572 எக்ஸ்.பி. 70.6 சி.சி., 4.3 கிலோவாட், 6.6 கிலோ. இது எல்லாமே பார், செயின் மாட்டாத எடை.

இந்தக் கூட்டத்துல ஹீரோ யார் தெரியுமா? 2019-ல வந்த எம்.எஸ்.500ஐ. உலகத்திலேயே முதல் முறையா, எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வெச்ச செயின்சா. கார்புரேட்டரே கிடையாது! நம்ம ஊர்ல 2020-ல பி.எஸ்.6 வந்த பிறகுதான் பெரும்பாலான பைக்குகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுச்சு. மரம் அறுக்குற மிஷின் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மாறிடுச்சு! 79.2 சி.சி., 5 கிலோவாட், எடை 6.2 கிலோதான். செயின் பூஜ்ஜியத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட கால் செகண்ட் போதும்னு கம்பெனி சொல்லுது. படிச்சதும் எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

இந்த மிஷினோட ஃப்ளாஷ்பேக்கும் செம சுவாரஸ்யம். 1929-ல ஸ்டில் கொண்டு வந்த முதல் பெட்ரோல் செயின்சா 46 கிலோ! ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும். 1946-ல அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம்வெட்டி, மரத்தைக் குடைஞ்சு தின்னுக்கிட்டு இருந்த ஒரு வண்டோட புழுவைக் கவனிச்சார். அது இடதும் வலதுமா மாறி மாறிக் கடிச்சுக்கிட்டே உள்ளே போகுது. 'அட, இதே மாதிரி செயின்ல பல் வெச்சா என்ன?'ன்னு யோசிச்சார். இன்னிக்கு உலகம் முழுக்க ஓடுற செயினுக்கு அந்தப் புழுதான் வாத்தியார்.

என் நோட்டுல கட்டம் எல்லாம் நிரம்பிடுச்சு. கடைசியில ஒரே ஒரு வரி மிச்சம். பொடி எழுத்துல 'வைப்ரேஷன்... இடது, வலது'னு ரெண்டு நம்பர். நாம பைக் கம்பேர் பண்ணும்போது கண்டுக்காம தாண்டிப் போவோமே, அந்த மாதிரி வரி. எம்.எஸ்.250-க்கு 5.7, 6.8. எம்.எஸ்.261-க்கு 3.5, 3.5. யூனிட், மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர். அதாவது, மிஷினோட அதிர்வு கைக்குள்ள எவ்வளவு இறங்குதுங்கிற கணக்கு.

எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியலை. காரணம், மாமாவோட கை.

மார்கழி மாசக் காலையில அவரால டீ கிளாஸைச் சரியாப் பிடிக்க முடியாது. விரல் நுனி வெளுத்துப்போயிடும். சட்டை பட்டன் போட அத்தைதான் வரணும். கேட்டா, "குளுருக்கு மரத்துப் போவுது, வெயிலு ஏறுனா சரியாப் போவும்"னு சிரிப்பார். சரியாவும் போகும். அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் அதை ஒரு வியாதியா நினைக்கலை. டாக்டர்கள் இதுக்கு 'வைப்ரேஷன் ஒயிட் ஃபிங்கர்'னு பேர் வெச்சிருக்காங்க. அதிர்ற மிஷினை வருஷக்கணக்காப் பிடிச்சா விரல்ல இருக்கிற ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். முத்திட்டா பழைய நிலைமைக்குத் திரும்பறது கஷ்டம்.

இப்ப நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. ஐரோப்பிய யூனியன்ல 2002-ல ஒரு விதி போட்டாங்க. எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரி அதிர்வு 2.5-ஐத் தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும். 5-ஐத் தாண்டவே கூடாது. இதுல அதிர்வு ஸ்கொயர்ல போகும். அதாவது, அதிர்வு பாதியாச்சுன்னா அதே அளவு பாதிப்புக்கு நாலு மடங்கு நேரம் கிடைக்கும். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். 6.8 இருக்கிற மிஷின்ல 2.5-ங்கிற எல்லையைத் தொட ஒரு மணி அஞ்சு நிமிஷம் போதும். 3.5 இருக்கிற மிஷின்ல? நாலு மணி நேரம் தாங்கும்!

கொஞ்சம் நிதானமா யோசிங்க. சி.சி.யில அஞ்சுதான் வித்தியாசம். கையில மூணு மணி நேர வித்தியாசம்!

இந்தக் கணக்கை மாமாகிட்ட காட்டினேன். பொறுமையாக் கேட்டார். கடைசியா ஒண்ணு சொன்னார். "தாயி, எனக்குக் கூலி மரத்துக்குத்தான் தாராவ. வெரலுக்கு யாரு தாரா?"

என்கிட்ட பதில் இல்லை. அதிர்வு குறைஞ்ச மிஷின் விலை கூட. வட்டிக்கு வாங்கித்தான் மிஷின் எடுக்கணும். விலை ஏறினா வட்டி ஏறும், வட்டி ஏறினா இன்னும் ரெண்டு மரம் சேர்த்து அறுக்கணும். விரலைக் காப்பாத்த வாங்குற மிஷினே விரலுக்குக் கூடுதல் வேலை வெச்சா என்ன பண்றது?

அதனால இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. ஹேண்டிலுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல அதிர்வை வாங்குற ரப்பர் புஷ் இருக்கும். மாமாவோட பழைய மிஷின்ல அது நைஞ்சு கிழிஞ்சே போயிருந்துச்சு. மிஷின் விலையோட பார்த்தா அது சில்லறைக் காசு. மாத்தியாச்சு. மொட்டைச் செயின் அதிகமா அதிரும், அதனால டேங்க் நிரப்பும்போதெல்லாம் அரம் வெச்சுச் செயினைத் தீட்டணும். ட்ரிகரைப் பிடிக்கிற வேலையைக் கூட இருக்கிற அண்ணனோட மாத்தி மாத்திச் செய்யணும். ஆறு மாசம் காசு சேர்த்துட்டு, 3.5 மிஷின் வாங்கலாம்னு மாமா தலையாட்டியிருக்கார். அத்தைதான் உண்டியல் பொறுப்பு!

சரி, அடுத்த மாடல்ல என்னென்ன வரணும்? என் ஆசை லிஸ்ட் இதோ. பேட்டரி மிஷின் ஏற்கெனவே வந்தாச்சு. புகை இல்லை, சத்தம் கம்மி. ஆனா, கரண்டே இல்லாத கண்மாய்க்கரையில நாள் முழுக்க அறுக்கிற அளவுக்கு, எங்க மாமா வாங்குற விலையில அது வரணும். ரெண்டாவது, அதிர்வு நம்பரை மிஷின் மேலேயே தமிழ்ல, பெரிய எழுத்துல ஒட்டணும். இத்தனை நேரத்துக்கு மேல பிடிச்சா கையில இருக்கிற மீட்டர் 'போதும் அண்ணாச்சி'ன்னு விளக்கு எரியவிட்டா இன்னும் அட்டகாசம்! மூணாவது, பேன்ட். செயின் பட்டதும் உள்ளே இருக்கிற நூலிழை உருவி வந்து பல்லுல சுத்தி, செயினையே நிறுத்துற பாதுகாப்பு பேன்ட் இருக்கு. செகண்டுக்கு இருபது மீட்டருக்கு மேல ஓடுற செயினுக்கு முன்னாடி எங்க ஊர்ல லுங்கிதான் நிக்குது. மாமா அந்தப் பேன்ட்டைப் போட்டுப் பார்த்துட்டு, "சித்திர வெயில்ல இதப் போட்டா மரத்துக்கு முன்னால நாந்தான் சாயணும்"னு கழட்டிட்டார். குளிர் தேசத்துக்காரன் தைச்ச பேன்ட் அது. சங்கரன்கோவில் வெயிலுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு தைக்க முடியாதா? டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடி அலையறீங்கல்ல... காதுல விழுதா?

இதெல்லாம் கனவு மாதிரி தெரியலாம். ஆனா, கைப்பிடியில அதிர்வைக் குறைக்கிற ஏற்பாடு 1964-லேயே ஸ்டில் மிஷின்ல வந்துடுச்சு. மிஷின் எகிறி அடிச்சா செயினைச் சட்டுனு நிறுத்துற பிரேக் 1972-ல வந்துச்சு. 'பிடிக்கிற கைக்கு என்ன ஆகுது?'ன்னு யாரோ ஒரு இன்ஜினீயர் கேட்டதாலதான் அது ரெண்டும் வந்திருக்கும்.

நாமும் நாளைக்கு இன்ஜினீயர்தானே ஃப்ரெண்ட்ஸ்? உங்க வீட்டுலயும் யாராவது தறி ஓட்டலாம், கல் உடைக்கலாம், ட்ரில்லிங் மிஷின் பிடிக்கலாம். இந்த வாரம் ஊருக்குப் போனா, அவங்க மிஷின் எத்தனை ஹெச்.பி.ன்னு அப்புறம் கேளுங்க. முதல்ல அவங்க கையைப் பிடிச்சு, "விரல் மரத்துப் போகுதா?"ன்னு கேட்டுப் பாருங்க!