நான் ஆடி முடித்த மூன்று கேம்கள்

கேம் என்றதும் நம்ம வகுப்புப் பையன்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதைத்தான் நினைப்பார்கள். நான் எழுதப்போவது அது இல்லை. இது கதை உள்ள கேம். சினிமா மாதிரி கதை போகும், ஆனால் நம்ம விரல் அசைந்தால்தான் அடுத்த காட்சி வரும். அரையாண்டு விடுமுறைக்குப் பெரியம்மா மகள் அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அவள் போனில் இரண்டு, லேப்டாப்பில் ஒன்று ஆடி முடித்தேன். மூன்றும் அவள் காசு கொடுத்து வாங்கியவை. டீச்சர் மாதிரி நானும் மார்க் போடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ‘ஓல்டு மேன்ஸ் ஜர்னி’. ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவில் உள்ள ஒரு குழு 2017-ல் வெளியிட்டது. ஒரு தாத்தாவுக்குக் கடிதம் வருகிறது, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. குன்றுகளை விரலால் மேலே, கீழே இழுத்து ஒன்றோடு ஒன்று சேர்த்தால்தான் அவர் நடக்க வழி கிடைக்கும். தூரத்துக் குன்று பக்கத்துக் குன்றோடு ஒட்டிக்கொள்ளும்! நடுவில் ஆட்டு மந்தை வேறு வழியை அடைக்கும். அவர் உட்கார்ந்து இளைப்பாறும் இடத்தில் பழைய நினைவு படமாக வரும். அந்தப் படங்களைச் சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவு அழகு.

ஆனால் தாத்தாவை எனக்குப் பிடிக்கவில்லை. (இனிமேல் கதையைச் சொல்லிவிடுவேன், ஆட நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.) மனைவியையும் சின்னப் பெண் குழந்தையையும் விட்டுவிட்டுக் கடலில் சுற்றப் போனவர் அவர். திரும்பி வந்தால் வீடு காலி. கடைசியில் மனைவி சாகக் கிடக்கும்போதுதான் போய்ச் சேருகிறார். அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்க அப்பாவும் மூன்று வருஷமாகக் குவைத்தில்தான் இருக்கிறார். அவர் வீட்டுக் கடனுக்காகப் போனார், கடல் பார்க்க ஆசைப்பட்டுப் போகவில்லை. இந்தத் தாத்தாவின் நினைவுகளைத்தான் காட்டுகிறார்களே தவிர, அந்த மகளுடைய நினைவு ஒன்றுகூட இல்லை. அவள் ரேங்க் கார்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? குன்றுகளுக்கு 60 மார்க். தாத்தாவுக்கு மார்க் கிடையாது.

அடுத்தது ‘ஃபுளோரன்ஸ்’. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் செய்து 2018-ல் வந்த கேம். இது காதல் கதை. சுவர் இதழில் எழுதலாமா என்று தமிழம்மாவிடம் கேட்டேன். “காதலைப் பத்தி எழுதாதே, கேமைப் பத்தி எழுது” என்றார். அதனால் கேமைப் பற்றி மட்டும்.

ஃபுளோரன்ஸ் 25 வயசுப் பெண். காலையில் அலாரத்தை நாம்தான் நிறுத்த வேண்டும், பல்லை நாம்தான் தேய்த்துவிட வேண்டும். செல்லோ வாசிக்கிற கிரிஷ் என்ற இந்தியப் பையனோடு அவள் பேசுவாள். அந்தப் பேச்சு எழுத்தில் வராது. பேச்சுக் குமிழி துண்டு துண்டாக உடைந்து கிடக்கும், நாம் சேர்த்து வைத்தால் அவள் பேசியதாக அர்த்தம். முதல் சந்திப்பில் நிறையத் துண்டு, கை தடுமாறும். பழகப் பழகத் துண்டு குறைந்துகொண்டே வரும், பேச்சு லேசாகிவிடும். சண்டை வந்தால் துண்டுகளின் முனை கூராகிவிடும், வேகமாக வைக்க வேண்டும். ஒரு வசனம்கூட எழுதாமல் சண்டையைக் காட்டிவிட்டார்கள்! இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. 90 மார்க்.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். அப்பா வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணுவார். அவர் போன புதிதில் நானும் தம்பியும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசுவோம். இப்போ “சாப்பிட்டியாம்மா”, “சாப்பிட்டேன்ப்பா”, “படிக்கிறியா”, “படிக்கிறேன்”, “அம்மாகிட்ட குடு”. அவ்வளவுதான். எங்கள் பேச்சிலும் துண்டு குறைந்துதான் போச்சு. ஆனால் பழகியதால் குறையவில்லை, பழக்கம் விட்டுப்போனதால் குறைந்தது. அந்தக் கேமில் இதற்கு ஒரு கட்டம் வைக்கவில்லை.

மூன்றாவது ‘வெண்பா’. பேரைப் பார்த்ததும் இலக்கணப் பாடம் என்று பயந்தேன். கனடாவில் விசை கேம்ஸ் என்ற குழு 2023-ல் வெளியிட்டது, 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், இவர்கள்தான் கதை. வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, கறை படிந்து இருக்கும். விட்டுப்போன இடத்தை நாமே யோசித்து இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் செய்ய வேண்டும். அக்கா திணறினாள். எங்க அம்மா பின்னால் நின்றுகொண்டே சொல்லிவிட்டார். “ஒரு பாத்திரம்கூடக் கழுவ வேண்டாமா இந்தக் கேம்ல?” என்றும் கேட்டார்.

தாத்தா கேமில் நான் தேடியது இதில் கிடைத்தது. பிள்ளை பக்கத்தையும் காட்டுகிறார்கள். நடுவில் நாமே கவினாக மாறி, அதே புத்தகத்தைப் பார்த்துச் சமைக்க வேண்டும். அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது, பாதிதான் புரியும். (எங்க தம்பி தமிழ் மீடியம்தான், அவனுக்கே ‘ர’வும் ‘ற’வும் தகராறு.) குறை என்றால், வெண்பா என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நம்மைக் கேட்பார்கள், எதைத் தொட்டாலும் கதை அதே வழியில்தான் போகும். ஒரே சாயங்காலத்தில் முடிந்தும் விட்டது. 85 மார்க்.

போன வெள்ளிக்கிழமை அப்பா போன் பண்ணியபோது, “ரூம்ல யாருப்பா சமைக்கிறது?” என்று கேட்டேன். இத்தனை நாள் இதை யாரும் கேட்டதில்லை. நாலு பேர் முறை வைத்துச் சமைக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை அப்பா முறை. சாம்பார் வந்துவிடுகிறதாம், ரசம்தான் வரவில்லையாம். அம்மா அங்கிருந்தே, “நுரை கட்டினதும் இறக்கணும், கொதிக்க விடக் கூடாதுன்னு சொல்லு” என்று கத்தினார். “இரு, எழுதிக்கிறேன்” என்று அப்பா பேனா தேடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் தம்பி போனைப் பிடுங்கிவிட்டான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி