போகாத போர்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எதிர்க்கேள்வி அதிகம் வராத ஒரு பேச்சு உண்டு: "போர்டு போயிருச்சு." ரேம் போயிற்று என்றால் வேறு ரேம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் போயிற்று என்றால் உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லி நிற்பார்கள். மதர்போர்டு என்றால் விலை மட்டும்தான் கேட்பார்கள். விருதுநகரில் கடை வைத்திருக்கும் நான், உண்மை என்னவென்று பார்க்காமலே ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அக்கா டிடிபி சென்டர் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே மெஷினில். ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு. 2018 கடைசியில் நானே அசெம்பிள் செய்து கொடுத்தது. ஃப்ளெக்ஸ் அளவுக்குப் பெரிய ஃபைலை போட்டோஷாப்பில் திறந்தால் திணறும். 2022இல், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால், "கொஞ்சம் வேகமாக்கிக் குடு தம்பி" என்று வந்தார். போர்டை மாற்ற வேண்டாம், பிராசசரை மட்டும் மாற்றினால் போதும் என்று யோசனை சொன்னது நான். ரைசன் 5 5600ஜி. நான்கு கோர் இருந்த இடத்தில் ஆறு கோர். இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தான், அதே 1331 பின். யோசனை சரியான யோசனை. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

நான் செய்யாமல் விட்டது பயாஸ் அப்டேட். சுவிட்சைப் போட்டதும் பிராசசர் முதலில் ஓட்டுவது, போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும் பயாஸைத்தான். அது எழுதப்பட்ட காலத்தில் இல்லாத பிராசசரை எப்படி எழுப்புவது என்று அதற்குத் தெரியாது. 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். அந்த அக்காவின் போர்டில் இருந்தது 2018ஆம் ஆண்டு பயாஸ். செய்ய வேண்டியது சின்ன வேலை. பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே, புதிய பயாஸை பென் டிரைவில் ஏற்றிப் போர்டுக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பிராசசரில் கை வைக்க வேண்டும். எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் என்று போர்டு கம்பெனிகளே பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன.

இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. 2020 மே மாதம் ஏஎம்டி கம்பெனி, பி450 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறைப் பிராசசர் ஆதரவு கிடையாது என்று அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடம் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். அதே மாதத்திலேயே முடிவை மாற்றி, தனிப் பயாஸ் தருவோம் என்றார்கள். பி450 விற்றவர்கள் எல்லோருக்கும் அது பெரிய செய்தி. நானும் படித்தேன். அறியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அன்று சாயங்காலம் 5600ஜியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. டிஸ்ப்ளே வரவில்லை. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை ரப்பர் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டிக்' என்று விழும்வரை அழுத்தினேன். ஸ்லாட் மாற்றினேன். சிமாஸ் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டேன். வேறு எஸ்எம்பிஎஸ் கொடுத்தேன். போர்டின் ஓரத்தில் 'சிபியு' என்று அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று, அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. பிராசசரோடு பேச முடியவில்லை என்று போர்டு சொல்கிறது. அதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் சொல்லாது. சாக்கெட்டே போய்விட்டது என்று நான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

காலைவரை ஓடிய மெஷின், நாம் கை வைத்த பிறகு ஓடவில்லை என்றால், கை வைத்ததைத் திருப்பிப் பழையபடி ஆக்கிப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அப்கிரேடுக்குப் பிறகு செத்துவிட்டதாகச் சொல்லப்படும் மெஷின்களில் பெரும்பாலானவை சாகவில்லை. ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது. பிராசசருக்குத் தனியாகப் போகும் 8 பின் பவர் வயரை மாட்ட மறந்திருப்பார்கள். உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசசரைப் போட்டுவிட்டு, மானிட்டர் வயரைப் போர்டிலேயே செருகியிருப்பார்கள். பழைய 2200ஜி என் மேஜை மேல், காய்ந்த பேஸ்ட்டோடு, பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது. கூலரைக் கழற்றி அதை மாட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

மாட்டிப் பார்க்கவில்லை. கடையில் கூட்டம் இருந்தது, அதனால்தான் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பழையதைப் போட்டு டிஸ்ப்ளே வந்துவிட்டால் போர்டு நல்ல போர்டு என்றாகிவிடும். தப்பு என் பக்கம் வந்துவிடும். அந்த அக்காவின் காசில் சீல் உடைத்த பிராசசருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்ன வரும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருந்தது. அதனால்தான் பார்க்கவில்லை.

"போர்டு போயிருச்சுக்கா" என்றேன்.

"காலைல வரைக்கும் நல்லாத்தானே தம்பி ஓடுச்சு?"

என்ன கோளாறு என்பதற்கான விடையே அந்தக் கேள்விக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் படிக்காத அவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். "பழைய போர்டுக்கா, கழட்டி மாட்டுறதைத் தாங்கல. அதோட ஆயுசு அவ்வளவுதான்" என்றேன். நாலு வருஷம் ஓடிய போர்டு. மூன்று வருட வாரண்டி முடிந்திருந்தது. வாரண்டி இருந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் சோதித்து, கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்படி யாரும் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

பி550 போர்டு மதுரையிலிருந்து வர நாள் பிடித்தது. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. வாங்கிய ஆர்டர்களை வேறு சென்டருக்குத் திருப்பிவிட்டார். புதுப் போர்டில் 5600ஜியைப் போட்டதும் ஒரே சுவிட்சில் டிஸ்ப்ளே வந்தது. நான் சொன்னது சரி என்று எல்லோரும் நம்பிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

சில வாரம் கழித்து, கடை ஓரத்தில் கிடந்த பழைய போர்டில் அந்த 2200ஜியை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் பவர் பின்னைத் தொட்டேன். உடனே திரை வெளிச்சமானது. பயாஸ் தேதி 2018 என்று காட்டியது. பக்கத்தில் நின்ற, கடையில் வேலை பார்க்கும் பையனும் பார்த்தான். அன்றே அந்த அக்காவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இரண்டையும் சேர்த்து, ஒரு லாட்ஜின் பில்லிங் மெஷினுக்கு செகண்ட் ஹேண்டாக விற்றேன்.

பிறகு ஒரு நாள், டிஸ்ப்ளே வராத மெஷின் ஒன்றைக் கொண்டுவந்த பெரியவரிடம், கேபினெட்டின் மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போயிருச்சுங்கய்யா" என்று பையன் சொல்வதைக் கேட்டேன். குரல்கூட என் குரல் மாதிரியே இருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மெஷினை வாங்கித் திறந்தேன். ரேம் ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

அந்த வாரமே டிடிபி சென்டருக்குப் போனேன். நடந்ததை முழுக்கச் சொல்லி, பழைய போர்டும் பிராசசரும் விற்ற காசையும் நான் வாங்கிய சர்வீஸ் சார்ஜையும் மேஜை மேல் வைத்தேன். "நான் அன்னைக்கே கேட்டேன்ல?" என்றார். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தப் புதுப் போர்டுக்கு நான் குடுத்தது?" என்று கேட்டார். அது மதுரை டீலருக்குப் போன பணம், என் கைக்கு வரவில்லை. அதனால் அதை நான் தர வேண்டியது என்றே நினைக்காமல் போயிருந்தேன்.

மறுநாள் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைவிட்டுப் போன முகூர்த்த ஆர்டர்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எவ்வளவு சொல்வாரோ என்ற பயத்தில் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.