கட்டைவிரலுக்கு ஒரு மோட்டார்



போன வாரம் போட்ட மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துவிட்டு, "சார், இன்னுமா பிலிம் போடுறீங்க? கை இப்ப எப்படி இருக்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடிக்காது, நிதானமாகப் படியுங்கள்.

கேமரா அதே பழைய கேனன் ஏஇ-1. சிங்கப்பூரில் இருந்த சின்ன மாமா கொண்டுவந்து கொடுத்தது. 1989-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் வீட்டில் இருக்கும் குரூப் போட்டோ இதில் எடுத்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன் விழுந்ததில் என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் பிலிம் லீவரை இழுக்கும் அந்த அசைவு மட்டும் திரும்பவில்லை. ஒரு ரோலுக்கு 36 முறை இழுக்க வேண்டும். பத்தாவது படத்திலேயே வலி முழங்கை வரை ஏறும். "அப்பா, செல்போன் போதும். அதை பீரோவில் வைங்க" என்றான் மகன். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் பீரோவுக்குள் போனால் அது திரும்ப வெளியே வராது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்போதுதான் மோட்டார் பற்றி யோசித்தேன். லீவர் என்ன செய்கிறது? பல்சக்கரத்தைச் சுற்றி, பிலிமின் ஓரத்தில் உள்ள துளைகளில் சரியாக எட்டைக் கடத்துகிறது. அதாவது 38 மில்லிமீட்டர். கூடவே அடுத்த படத்துக்கு ஷட்டரையும் தயார் செய்கிறது. இதையே கேமராவின் அடியில் மாட்டிய சின்ன மோட்டார் செய்தால் அதற்குப் பெயர் வைண்டர். அதைவிட வேகமும் வலுவும் கூடினால் மோட்டார் டிரைவ்.

நம் மாணவர் ஒருவர், இன்று நல்ல வேலையில் இருப்பவர், தன்னிடமுள்ள நிக்கான் எஃப்எம் கேமராவையும் அதன் எம்டி-12 மோட்டார் டிரைவையும் எனக்கே தந்துவிடுவதாகச் சொன்னார். அருமையான கருவி. கைப்பிடியிலேயே ஷட்டர் பொத்தான் உண்டு. நொடிக்கு மூன்றரை படம் வரை ஓடும். ஆனால் அதற்கு எட்டு பென்சில் பேட்டரி வேண்டும். எடையை என் மணிக்கட்டு தாங்காது. அதைக் கழற்றி என் கேமராவில் மாட்டவும் முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் இணைப்பு வேறு. கேனனிலேயே, நொடிக்கு ஐந்து படம் வரை ஓடும் மோட்டார் டிரைவ் எம்ஏ, ஏ-1, ஏஇ-1 புரோகிராம் இரண்டுக்கும் பொருந்தும். என் ஏஇ-1-க்குப் பொருந்தாது. வாங்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மீதி இருந்தவை பவர் வைண்டர் ஏ, அதற்குப் பின் வந்த ஏ2. இரண்டுக்கும் நான்கு பேட்டரி போதும். இரண்டுமே நொடிக்கு இரண்டு படம். அதுவே எனக்கு அதிகம்! பொத்தானை விடாமல் அழுத்தினால் 18 நொடியில் ஒரு ரோல் காலி. இன்று பிலிம் விற்கும் விலைக்கு அது கட்டுமா? ஏ2-வில் ஒற்றைப் படம், தொடர் படம் என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. ஒற்றையில் வைத்தால் ஒரு அழுத்துக்கு ஒரு படம்தான். வயர் மாட்டித் தள்ளியிருந்து எடுக்கவும் வழி இருக்கிறது. வேகத்துக்காக அல்ல, விரலுக்காக வாங்குகிறவனுக்கு ஏ2தான் சரி என்று முடிவு செய்தேன்.

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் முதலில் காட்டியதன் பேட்டரி அறைக்குள் பச்சை பூத்திருந்தது. எப்போதோ போட்ட பேட்டரி கசிந்து தகடுகளைத் தின்றிருந்தது. இரண்டாவது சுத்தமாக இருந்தது. கேமராவையும் ஒரு பழைய வேஸ்ட் ரோலையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாட்டி, ரோல் முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிலிம் இல்லாமல் ஓடும் மோட்டார், பிலிமை இழுக்கும்போது திணறலாம்.

இன்னொன்று. வைண்டரின் பேட்டரி கேமராவுக்கு உதவாது. ஏஇ-1-க்கு அதன் 6 வோல்ட் பேட்டரி தனியாக வேண்டும்; அது தீர்ந்தால் ஷட்டரே அசையாது. ரோல் முடிந்ததும் பிலிமைத் திரும்பச் சுற்றுவது கையால்தான். ஆனால் அந்தக் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது. என் இடது கை நன்றாக இருக்கிறது!

ஒரு மாதத்தில் நான்கு ரோல் முடித்துவிட்டேன். வலி இல்லை. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே அடுத்த படத்துக்குத் தயாராகிவிடுகிறேன். நல்ல விரல் இருந்த காலத்தில்கூட எனக்கு இது வாய்த்ததில்லை. கழுவி வந்த படங்களை மகனும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பீரோ பேச்சு இப்போது இல்லை.

உங்கள் யார் வீட்டிலாவது பழைய வைண்டரோ ஃபிளாஷோ கிடந்தால், இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

89 பேட்ச் பிள்ளைகளே, ஜனவரி சந்திப்பில் குரூப் போட்டோ நான்தான் எடுப்பேன். யாராவது ஒருவர் கண்ணை மூடுவீர்கள் என்று தெரியும். அதனால் மூன்று படம். முதல் 'சர்ர்' சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும், சரியா?