வலமிருந்து இடமாக

எனக்கு 74 வயது. 68 வயதில் மலையாளம் எழுதப் பழக ஆரம்பித்தேன். பேத்தியின் நாலுவரி நோட்டில் ஒரே எழுத்தை ஒரு வாரம் முழுக்க எழுதினேன். "இந்த வயசுல எதுக்கு சார் இதெல்லாம்?" என்று பூங்காவில் கூட நடக்கிற நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு நான் ஜெர்மன் கவிஞர் கதேவின் கதையைத்தான் சொன்னேன்.

1814-ல் கதேவுக்கு 65 நடந்துகொண்டிருந்தது. 'ஃபாஸ்ட்' நாடகத்தின் முதல் பாகம் வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜெர்மன் மொழியில் அவர் சம்பாதிக்க வேண்டிய பெயர் ஏதும் பாக்கியில்லை. நெப்போலியன் போர்களில் ஐரோப்பா அல்லாடிய காலம். அந்த ஜனவரியில், ரஷ்யப் படையோடு வந்த பஷ்கீர் வீரர்கள் வைமார் ஊரின் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் தொழுகை நடத்தினார்கள். கதே அதைப் பற்றி நண்பருக்கு வியந்து எழுதினார்.

அதே ஆண்டு, ஹம்மர் என்ற ஆஸ்திரிய அறிஞரின் மொழிபெயர்ப்பில் ஹாஃபிஸைப் படித்தார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஷிராஸில் மறைந்த பாரசீகக் கவிஞர். அவர் ஊருக்கும் தைமூரின் படை வந்தது; அவர் காதலையும் மதுவையும் பாடினார். கூடப்பிறந்தவனைக் கண்டுகொண்டதுபோல் ஆனது கதேவுக்கு.

அவ்வளவு பெரிய மனிதர், பாராட்டி நாலு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவரோ பாரசீகமும் எழுதப்படும் அரபு எழுத்துகளை எழுதிப் பழக உட்கார்ந்தார். அந்தப் பயிற்சித் தாள்கள் இன்றும் இருக்கின்றன. அறுபது வருடமாக இடமிருந்து வலமாக ஓடிய கை, இறகுப் பேனாவை வலமிருந்து இடமாக நகர்த்துகிறது. புள்ளி எங்கே, வளைவு எங்கே என்று தேடுகிறது. அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். முதுமையில் வேண்டியது இந்தப் பணிவுதான் என்று நான் நம்புகிறேன்.

1819-ல், இந்த ஈடுபாட்டில் பிறந்த 'மேற்கு-கிழக்குத் திவான்' என்ற கவிதை நூல் வெளிவந்தது. அதில் சில கவிதைகள் மரியான் ஃபான் வில்லமர் என்ற பெண் எழுதியவை. மரியான் இறந்த பிறகே அது உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் நூலில் இல்லாதது எனக்குத் தீராத வருத்தம். புத்தகமும் சரியாக விற்கவில்லை. முதல் பதிப்பின் பிரதிகள் பல காலம் தேங்கிக் கிடந்தன.

ஆனாலும் அந்த நூலுக்கு ஒரு பதில் வந்தது. 1907-ல் ஹைடல்பெர்க்கில் ஜெர்மன் படித்தவர் கவிஞர் இக்பால். 1923-ல் லாகூரிலிருந்து, கதேவின் திவானுக்குப் பதில் என்று சொல்லியே 'பயாம்-இ-மஷ்ரிக்' நூலை வெளியிட்டார். கதே மறைந்து அப்போது 91 ஆண்டுகள். இக்பாலின் தாய்மொழி பஞ்சாபி. பதிலை அவர் பாரசீகத்தில் எழுதினார், கிழவர் தாளில் எழுதிப் பழகிய அதே எழுத்தில், வலமிருந்து இடமாக.