தாச்சியும் ரப்பர் மீனும்



போன வாரம் இன்டவலில் 9ஆம் தரத்துப் புள்ளைகள் ரெண்டு பேர் வந்து, "சேர், இதப் பாருங்க" என்று கையை விரித்தார்கள். கறுப்பாக, விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் மீன். பழைய செருப்பை பால்மா டின்னில் போட்டு உருக்கினார்களாம், வீடியோ பார்த்து. ஒருவனுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. ஏசுவதற்கு வாய் வந்தது. ஏசவில்லை. காரணம் இருக்கிறது.

நாங்கள் என்றால் நானும் தம்பியும். இருவருமே வாத்திமார், இருவருக்கும் களப்பில் தூண்டில் போடுகிற பைத்தியம். 2022இல் டொலர் ஏறியதோடு ரப்பர் மீன் பக்கெட் வாங்குவது கனவாகிப் போனது. கண்டல் ஓரத்தில் கொடுவா ஒரு கடி கடித்தால் வால் போய்விடும். வால் போனால் அது ஆடாது, ஆடாததை எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. ஆனால் கிழிந்ததை நாங்கள் ஒருநாளும் களப்பில் எறிந்ததில்லை, அது உக்காது. போத்தலில் சேர்த்து வைத்திருந்தோம். அதை உருக்கித் திரும்ப வார்க்கலாம் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை.

அச்சு செய்வது லேசு. ஐஸ்கிரீம் பெட்டியில் பிளாஸ்டர் ஒஃப் பரிஸைக் கரைத்து, நல்ல மீன் ஒன்றைப் பாதி அமிழ்த்தி, இறுகியதும் கழற்ற வேண்டும். பிறகு நாள்கணக்கில் காயவிட்டு, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ரெண்டு தடவை பூச வேண்டும். நாங்கள் ஒரு இரவுதான் காயவிட்டோம். அவசரம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து உம்மா சாய்ந்திருந்த நேரம். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, உம்மா மீன் பொரிக்கிற தாச்சியிலேயே துண்டுகளைப் போட்டோம். தேன் மாதிரி உருகி வந்தது. அச்சில் ஊற்றினோம். பிளாஸ்டருக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, சீறிக்கொண்டு தெறித்தது. ஒரு துளி தம்பியின் மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அது பொரிக்கிற எண்ணெயின் சூடு, துடைத்தாலும் போகாது. சத்தம் கேட்டு உம்மா பற்பசையோடு ஓடி வந்தார். நல்லவேளை, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்திருந்தோம், ஒட்டியதை உரிக்கவில்லை.

அந்தப் பரபரப்பில் அடுப்பை மறந்துபோனோம்.

தாச்சியில் இருந்தது மஞ்சளாகி, கபிலமாகி, புகைந்தது. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரிப் புகை. பொலிவைனைல் குளோரைட்டு அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், அது ஈரத்தில் கரைந்தால் அமிலம். கலாசாலையில் படித்துவிட்டு வந்து கரும்பலகையில் எழுதிப் போடுகிறவர்கள் நாங்கள். உம்மாவுக்கு இழுப்பு இருப்பதும் எங்களுக்குத் தெரியும். அன்று இரவு ஆஸ்பத்திரியில் ரெண்டு தடவை மருந்துப் புகை பிடிக்க வேண்டி வந்தது. "என்ன சமைச்சீங்க?" என்று டொக்டர் கேட்டபோது எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. உம்மாதான் "மிளகாய் கருகிட்டு" என்றார்.

அதனால்தான் அந்தப் புள்ளைகளை ஏச முடியவில்லை. உட்கார வைத்துச் சொன்னோம்: செருப்பு வேண்டாம். வல்கனைசுப்படுத்திய இறப்பர் உருகாது, கருகும். விளையாட்டுச் சாமானும் பையும் வேண்டாம், என்ன பிளாஸ்டிக் என்று யாருக்கும் தெரியாது. பழைய ரப்பர் மீனிலும், நன்றாக இழுபடுகிற ஒரு சாதி இருக்கிறது. அது வேறு பொருள், மற்றதோடு சேராது. பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அடுப்பே வேண்டாம்.

நாங்கள் இப்போதும் வார்க்கிறோம். குசினியில் இல்லை, வளவின் மூலையில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கண்ணாடி, தடித்த கையுறை, நீளக்கை சட்டை. சின்ன நெருப்பு, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் இறக்கிவிட வேண்டும். அச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் கிட்ட வரக்கூடாது. பழைய தாச்சியை உம்மாவின் கண்முன்னே ஆணியால் ஓட்டை போட்டுவிட்டோம். வார்ப்பதற்கென்று வேறொன்று, திறாங்கு போட்ட பெட்டிக்குள் இருக்கிறது.

எங்கட சொந்த மீனில் முதல் கொடுவா போன மாதம்தான் பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஓடிப்போய் உம்மாவிடம் நீட்டினோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எந்தத் தாச்சியில பொரிக்கிற?"