மாயாவியின் கீழே என் கையெழுத்து

பிறர் வரைந்த படத்தின் கீழே என் பெயரை எழுதி, அதற்குக் கிடைத்த பாராட்டையும் பரிசையும் வாங்கிக்கொண்டவன் நான். அறியாமல் ஒருமுறை செய்த காரியம் அல்ல. பள்ளிப் பருவம் முழுக்கத் தெரிந்தே செய்தது. வயிற்றுக்காகத் திருடியிருந்தால் சொல்ல ஒரு காரணமாவது இருக்கும். நான் திருடியது பெருமைக்காக. ஐம்பதைத் தாண்டிய பிறகு, பரணில் கிடந்த காமிக்ஸ் கட்டைப் பிரித்துத் திரும்பப் படிக்கிறேன். கதைகள் பாதிக்கு மேல் மறந்துபோயின. எந்தெந்தப் படத்தைத் திருடினேன் என்பது மட்டும் மறக்கவில்லை.

நான் வளர்ந்த ஊர் குண்டலுபேட்டை. அப்போது அது மைசூர் மாவட்டம். 1997-ல்தான் சாமராஜநகர் மாவட்டத்தோடு போனது. மைசூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரு பக்கம் பந்திப்பூர், முதுமலை வழியாகக் கூடலூரும் ஊட்டியும். இன்னொரு பக்கம் சுல்தான் பத்தேரி. அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்திலும் கன்னடம். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது முத்து காமிக்ஸ்தான். கோடை லீவுக்குக் கூடலூர் மாமா வீட்டுக்குப் போனால், திரும்பும்போது என் துணிப்பையில் துணியைவிடப் பழைய இதழ்கள்தான் அதிகம் இருக்கும்.

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் தொடங்கியது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுக்க மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் காற்றில் தெரியும். தமிழ்நாட்டில் என் வயதுப் பையன்களிடம் மாயாவியை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. குண்டலுபேட்டையில் என் வகுப்பில் அவனைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என் திருட்டுக்கு முதலீடு அதுதான்.

வேலையும் எளிது. வெள்ளைத்தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக் காயவைத்தால் அடியில் இருப்பது தெரியும். மாயாவி படத்தின் மேல் அதை வைத்துப் பென்சிலால் ஓட்டி, தாளின் பின்பக்கத்தில் கரி தேய்த்து, நல்ல டிராயிங் தாளில் அழுத்தி எடுத்து, இந்தியன் இங்க் போட்டு முடிப்பேன். வசனப் பலூன்களை விட்டுவிடுவேன். தமிழ் எழுத்து இருந்தால் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்களே!

டிராயிங் மேஷ்ட்ரு அந்தப் படங்களைப் பக்கத்து வகுப்புக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டினார். “இவனு ஆர்ட்டிஸ்ட் ஆக்தானே”, இவன் ஆர்ட்டிஸ்ட் ஆவான் என்றார். அந்த வார்த்தை அப்படியே தலைக்கு ஏறியது.

என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் மட்டும் வேறு மாதிரி. கோபாலசுவாமி பெட்டாவின் அடிவாரத்தில் அவன் ஊர். அவன் கன்னட ‘சந்தமாமா’ பைத்தியம். கதையைப் படிப்பதற்கு முன்னால் படத்தின் மூலையைப் பார்ப்பான். அங்கே ஓவியரின் கையெழுத்து இருக்கும். இது சங்கர், இது சித்ரா, இந்த அட்டை ஆச்சார்யா என்று சொல்லுவான். சில மாதங்களில், கையெழுத்தைக் கையால் மறைத்தாலும் கோட்டைப் பார்த்தே சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எம்.டி.வி. ஆச்சார்யா கன்னட நாட்டுக்காரர். ‘சந்தமாமா’வில் மகாபாரத அட்டைப்படங்களை வரைந்தவர். பிற்காலத்தில் பெங்களூரிலிருந்து தபால் மூலம் ஓவியம் கற்றுக்கொடுத்தார். அந்தத் தபால் பாடத்துக்குப் பணம் சேர்த்து எழுதிப்போட வேண்டும் என்பது நண்பனின் ஆசை. விக்கிரமனின் தோளில் வேதாளத்தை ஏற்றி இந்தியா முழுவதற்கும் காட்டிய சங்கர், ஈரோடு பக்கத்திலிருந்து வந்த கே.சி. சிவசங்கரன். தமிழனான எனக்குத் தெரியாத அந்தத் தமிழரின் கோட்டைக் கன்னடப் பையன் அடையாளம் சொன்னான்.

ஒருநாள் என் மாயாவி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூலையைத் தேடினான். “இது யாரு பரெதித்து?” என்று கேட்டான். யார் வரைந்தது என்ற அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எனக்கே தெரியாது. நான்தான் வரைந்தேன் என்றேன். அப்படியானால் கையெழுத்து எங்கே என்றான். அவன் கண்முன்னாலேயே பேனாவை எடுத்து மூலையில் என் பெயரை எழுதினேன். அதுவரை ஏமாற்றியது, மேஷ்ட்ரு தானாக நினைத்துக்கொண்டதை மறுக்காமல் இருந்ததால். அன்றிலிருந்து கையெழுத்தோடு செய்த திருட்டு.

எனக்காக நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். முதல் வாதம்: முத்து காமிக்ஸின் அந்தப் பக்கங்களில் ஓவியர் பெயரே இல்லையே! இது உண்மை. தவறு சிவகாசியில் ஆரம்பிக்கவும் இல்லை. மாயாவியின் மூலக்கதை 1962-ல் லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் தொடங்கியது. அந்த நாளில் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போடும் வழக்கம் இல்லை. ஓவியர் கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை மையால் அழித்துவிடுவார்கள். 1977-ல் தொடங்கிய ‘2000 ஏடி’ இதழில், அலுவலகத்தில் ஓவிய உதவியாளராக இருந்த கெவின் ஓ’நீல் படைப்பாளிகளின் பெயரை ஒரு சிறு பெட்டியில் போட ஆரம்பித்த பிறகுதான் அங்கே நிலைமை மாறியது.

பெரிய மனிதர்களுக்கும் இதே கதி. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் 130 டாலருக்கு சூப்பர்மேனை விற்றுவிட்டார்கள். பின்னால் அவர்கள் பெயரே அந்தக் கதைகளிலிருந்து போயிற்று. திரும்ப வந்தது 1975-ல். இடையில், 1960-களில், அதே சீகல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றுக்குப் பெயரில்லாமல் எழுதிய நாயகன்தான், சிவகாசியிலிருந்தே வந்த லயன் காமிக்ஸ் கொண்டாடிய ஸ்பைடர். சூப்பர்மேனை உருவாக்கியவனைத் தமிழ்ப் பையன்கள் சிவகாசித் தாளில் படித்துக்கொண்டிருந்தார்கள். அது யார் என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர்ப் படக்கதைகளிலும் இப்படித்தான். அமர் சித்திரக் கதை என்றால் அனந்த் பை பெயர் சட்டென்று வாயில் வரும். அதே வரிசையில் கிருஷ்ணனை வரைந்த ராம் வாயீர்கரை எத்தனை பேர் சொல்வார்கள்?

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் போடாமல் விடுவது வேறு, அந்தக் காலி இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்வது வேறு. பூட்டாத வீட்டில் திருடினாலும் அதற்குப் பெயர் திருட்டுதான். எல்லாப் பையன்களும் அச்சுப் பார்த்துத்தானே வரைந்தார்கள் என்ற இரண்டாவது வாதமும் நிற்காது. அவர்கள் பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தது என்றுதான் சொன்னார்கள்.

இனி, சொல்லக் கூசுவது. எட்டாவது படிக்கும்போது தாலுகா அளவில் ஓவியப் போட்டி வந்தது. வீட்டிலிருந்தே வரைந்து கொண்டுவரலாம். நான் கொடுத்தது ஒரு மாயாவி படம். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுந்த முகம், மறுபக்கம் முழு இருட்டு, கம்பியைப் பற்றப் போகும் இரும்புக்கை. நண்பன் ஒரு யானையை வரைந்திருந்தான். முகம் இல்லை, தந்தம் இல்லை. புதருக்குள் நுழைந்துகொண்டிருக்கும் யானையின் பின்பக்கம். ஒரு கால் கொஞ்சம் கோணல். அவன் ஊரில் ராத்திரி வயலுக்கு வந்து விடியற்காலை திரும்பும் யானையை அவன் அப்படித்தான் பார்த்திருந்தான். அச்சில் வந்த எந்தப் படத்திலும் இல்லாத யானை அது.

தேர்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். அன்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பரிசு வாங்கியதைவிட அதுதான் இன்று எனக்கு அதிகம் உறுத்துகிறது. அவன் தபால் பாடத்துக்கு எழுதிப்போடவில்லை. அதன் பிறகு அவன் வரைந்து நான் பார்க்கவில்லை. என்னால்தான் விட்டான் என்று அடித்துச் சொல்ல முடியாது. வயல் வேலை, அப்பாவின் உடல்நிலை, வீட்டுக் கஷ்டம் எல்லாம் இருந்தன. ஆனால் அவன் தோற்றது என்னிடம் என்று அவன் நினைத்தான். உண்மையில் அவன் தோற்றது, சிறுவயதிலிருந்தே தொழிலாக வரைந்த ஒரு ஸ்பானிய மேதையிடம். அதை அன்றே சொல்லியிருந்தால் அவன் அதைத் தோல்வியாகவே எடுத்திருக்க மாட்டான். பெயரைக் கேட்டுக் குறித்துவைத்திருப்பான்.

மேஷ்ட்ருவின் வாக்கு ஒருவிதத்தில் பலித்தது. போர்டு ஆர்ட்டிஸ்ட் ஆனேன். டெய்லர் கடை, மெடிக்கல் ஷாப், ஓட்டல், லாரியின் பின்பலகை, தேர்தல் சுவர் எல்லாம் எழுதினேன். எழுதிய ஒவ்வொரு போர்டின் கீழ் மூலையிலும் என் பெயரைப் போட்டு ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்த்துக்கொள்வேன். ஒரு கடைக்காரர் என் பெயர் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார் என்பதற்காக மாதக்கணக்கில் அவர் கடைப்பக்கம் போகாதவன் நான். அந்த ரோஷக்காரனுக்கு, தான் திருடிய கோடுகளுக்குச் சொந்தக்காரன் யார் என்று ஒருநாளும் தேடத் தோன்றவில்லை. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பிரஷ்ஷுக்கு வேலை போயிற்று. நேரம் கிடைத்தது. பழைய கட்டைப் பிரித்தேன், மறுபதிப்புகள் வாங்கினேன், மாயாவியைப் பற்றி எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். பெயர் அப்போதுதான் கிடைத்தது: ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1995-ல் இறந்தார். குடும்பமே ஓவியக் குடும்பம். தம்பிகளும் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள்.

பெயர் தெரிந்த பிறகு அதே படங்களைத் திரும்பப் பார்த்தேன். எண்ணெய்த் தாளில் நான் ஓட்டி எடுத்தது கோட்டை மட்டும்தான். பிளாஸ்கோவின் பலமோ இருட்டில் இருக்கிறது. எதை வரையாமல் கறுப்பில் விடுவது என்று தெரிந்த கை அது. முகத்தில் பாதியைக் கறுப்பில் முக்கிவிட்டு, மீதிப் பாதியில் பயத்தைக் காட்டுகிறார். நான் போட்டது வெறும் மை. அன்று யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன் இதற்கு நேர்மாறு: மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் பின்னியே நிழலைக் கொண்டுவருவார். ரிப் கெர்பி தொடரை 1946-ல் தொடங்கிய அலெக்ஸ் ரேமண்ட் 1956-ல் கார் விபத்தில் இறக்க, ஜான் பிரென்டிஸ் தொடர்ந்தார். கை மாறியது சிறுவயதில் எனக்குத் தெரியவே இல்லை. நண்பனாக இருந்தால் இரண்டு கட்டத்தில் கண்டுபிடித்திருப்பான்.

புதிய காலத்தவர்களையும் இப்படியே பார்க்கிறேன். நமக்குக் கேப்டன் டைகராக வந்த புளூபெர்ரியின் புழுதியையும் வெயிலையும் ஜான் ஜிரோ வரைந்திருக்கும் விதம் போர்டு எழுதியவனுக்குப் பொறாமை தரும். ‘இரத்தப் படலம்’ தொடரில் வில்லியம் வான்ஸ் ஒரு துப்பாக்கியையோ கப்பலையோ வரைந்தால் அளவு பிசகாது. இந்தப் புத்தகங்களில் கதாசிரியர் பெயரும் ஓவியர் பெயரும் அச்சாகி வருவதைப் பார்க்கும்போது நிம்மதியாக இருக்கிறது. சங்கர் 2020-ல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெயர் போட்டு வரைந்தவருக்கே மரியாதை இவ்வளவு தாமதமாகத்தான் வந்தது. பெயரே போடாதவர்களுக்கு என்ன வந்திருக்கும்?

வீட்டில் காமிக்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது நாயகன் பெயரோடு ஓவியர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். புத்தகத்தில் அச்சாகாமல் இருந்தால் தேடிப் பிடித்து முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள். என்னிடமிருக்கும் மாயாவி இதழ்கள் எல்லாவற்றிலும் பிளாஸ்கோ பெயரை எழுதிவிட்டேன். என் திருட்டுப் படங்களில் மிஞ்சியவற்றிலும் என் கையெழுத்தை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன்.

அதனால் பாவம் கழுவப்பட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நண்பன் இன்றும் அதே அடிவாரத்தில்தான் இருக்கிறான், செண்டுமல்லி போடுகிறான். சந்தையில் பார்த்தால் தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடிப்போம். “நீனு ஆர்ட்டிஸ்டப்பா” என்று இன்றும் சொல்லுவான். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இதையெல்லாம் நான் கன்னடத்திலேயே எழுதியிருக்கலாம். கன்னடம்தான் எனக்குச் சரளமாக வரும். தமிழில் எழுதியதற்குக் காரணம், அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். அவன் முகத்தைப் பார்த்துக் கன்னடத்தில் சொல்லும்வரை இதை யாரும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.