விடியற்காலை நரசிம்மருக்கு ஓர் இடம்

பங்குனி நோம்பிக்கு இரணியன் கூத்து வைத்திருந்தார்கள். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஊர். வேசம் கட்டுபவர்கள் அரிதாரம் குழைத்துக்கொண்டிருந்தபோது, பந்தலின் ஓரத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இரண்டு பெட்டிகளை வைத்து ஒருவர் வேலையாக இருந்தார். ஒன்று தோளில் மாட்டும் மூன்று சேனல் மிக்சர். மற்றது உள்ளங்கை அகல ரெக்கார்டர். சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்துகளை ஒலிப்பதிவு செய்து சேர்த்துவருபவர். அவர் வேலையைப் பார்க்கத்தான் நானும் போயிருந்தேன்.

“ரெண்டு பெட்டியும் ஒரே அளவு பேசணும். அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்” என்றார்.

மைக்கிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மின்னழுத்தம்தான். மிக்சர் அதைப் பெருக்கி, தொழில்முறைக் கருவிகளுக்கான லைன் அளவில், சுமார் 1.23 வோல்ட்டில், வெளியே அனுப்புகிறது. வீட்டு உபயோகக் கருவிகள் எதிர்பார்ப்பது 0.32 வோல்ட், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. சின்ன ரெக்கார்டர்கள் சிலவற்றின் எக்ஸ்எல்ஆர் துளையோ மைக் அளவுக்கு மட்டுமே ஆனது. அதில் லைன் அளவைச் செருகினால் ஒலி நுழையும் இடத்திலேயே கிழிந்துவிடும். பிறகு ரெக்கார்டரில் லெவலைக் குறைத்தால் கிழிந்த ஒலிதான் சன்னமாகப் பதிவாகும். மைக் அளவை லைன் துளையில் கொடுத்தால் ஒலி மெலிந்துபோகும். தூக்கிவிட்டால் இரைச்சலும் கூடவே எழும்பும்.

அதனால் முதலில் இரண்டு பெட்டியிலும் சுவிட்சுகளைப் பார்த்து, வெளியே போவதும் உள்ளே வாங்குவதும் லைன்தான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மிக்சரிலுள்ள டோனைப் போட்டார். ஆயிரம் ஹெர்ட்ஸ், ஏற்ற இறக்கமில்லாத ஒற்றைச் சத்தம். மிக்சரின் மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது. ரெக்கார்டரின் கெயினை மெல்லத் திருகி, அதன் மீட்டர் மைனஸ் 20 டெசிபலில் வந்து நிற்கும்படி வைத்தார். இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தார். டோனை அரை நிமிடம் பதிவு செய்துவிட்டு, கெயின் குமிழின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார்.

“இனிமே இது வெறும் பெட்டிங்க. ஏத்துறது எறக்குறது எல்லாம் மிக்சர்லதான்.”

டிஜிட்டல் ரெக்கார்டரில் பூஜ்யம் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டிய ஒலிக்கு அங்கே இடமே இல்லை. மைனஸ் 20 என்றால் மின்னழுத்தம் இன்னும் பத்து மடங்கு எழ இடம் விட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பில் மைனஸ் 18 வைப்பார்கள், அமெரிக்க வழக்கம் மைனஸ் 20. இவர் 20ஐத் தேர்ந்ததற்குக் காரணம் இரணியன்தான். கூத்தில் தூண் பிளந்து நரசிம்மர் வருவது விடியற்காலையில். இரவு முழுக்கக் கேட்காத சத்தம் அப்போதுதான் வரும். அதற்கு முன்னிரவிலேயே இடம் ஒதுக்கி வைக்கிறார்.

மைக் செட்காரர் தன் பங்குக்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் கொடுத்தார். மாட்டியதும் ஹெட்ஃபோனில் ‘உர்ர்ர்’ என்று 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங். வயரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு மேலே இரண்டு மைக்கும், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணைக்கு முன்னால் ஒன்றுமாகத் தன் மைக்குகளையே கட்டினார். ஊரில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. “அதை நிறுத்தச் சொல்ல முடியாதுங்க, அவங்க சோறு அது” என்று மைக்கை ஆட்டக்காரர் பக்கம் இன்னும் ஒரு முழம் இறக்கினார். தறிச் சத்தத்துக்கு மேலே குரலைத் தூக்க மைக்கின் தூரத்தைக் குறைப்பதுதான் வழி. கெயினைக் கூட்டினால் தறியும் சேர்ந்து கூடும்.

பக்கத்துச் சேலத்தில் 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் 1937இல் ‘சதி அகல்யா’. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. ஸ்டூடியோவில் கதவைச் சாத்தி, ‘சைலன்ஸ்’ சொல்லி, பிசகினால் இன்னொரு டேக் எடுக்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் இன்று ஏற்காடு சாலையில் நிற்கிறது. கூத்துத் திடலில் கதவும் இல்லை, இரண்டாம் டேக்கும் இல்லை.

பத்தரை மணிக்குத் திரை பிடித்தார்கள். முள் மீட்டர் ஒலியின் சராசரியைக் காட்டும். அது எழுந்து நிற்கவே ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு ஆகிறது. மிருதங்கத்தின் ஒரு அடி அதற்குள் விழுந்து முடிந்துவிடும். அதனால் குரலுக்கு முள்ளையும், அடிக்கு ரெக்கார்டரின் பீக் மீட்டரையும் பார்த்தார். ஹெட்ஃபோனை மாட்டியது ரெக்கார்டரில். மிக்சரில் நன்றாகக் கேட்பது பெட்டிக்குள் நன்றாகப் பதிவானதற்குச் சாட்சி ஆகாது என்றார். இரணியன் திரைக்குப் பின்னால் சலங்கையை உதறும்போதே கை குமிழுக்குப் போய்விடுகிறது. கதை தெரிந்த கை அது. விடியற்காலை நரசிம்மர் எழுந்தபோது பீக் மைனஸ் 4ஐத் தொட்டுவிட்டு இறங்கியது.

ஆட்டோமேட்டிக் லெவலில் விட்டுவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டேன். செல்போன் அப்படித்தான் செய்கிறது என்றார்: சத்தம் எழுந்தால் அமுக்கும், அடங்கினால் தூக்கும். பாட்டுக்கு நடுவே ஆட்டக்காரர் மூச்சு வாங்கினால் கூட்டத்தின் பேச்சு பொங்கி மேலே வரும். 2019க்குப் பிறகு பரவிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் உச்சவரம்புக் கவலையைப் பெருமளவு போக்கிவிட்டன. ஆனால் மைக்கிலோ மிக்சரிலோ கிழிந்து வந்ததை அவையும் தைத்துத் தர முடியாது.

சேலம் பகுதிக் கூத்தை எழுத்தில் கொண்டுவரும் வேலையை மு. ஹரிகிருஷ்ணனின் ‘மணல்வீடு’ இதழ் செய்துவருகிறது. ஒலியில் சேர்ப்பவர்கள் இந்த ஒலிப்பதிவாளரைப் போன்ற தனியாட்கள்.

வேசம் கலைத்த கூத்து வாத்தியார் டீ கிளாசோடு வந்து, ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினார். பிரகலாதனிடம் இரணியன் முதலில் தணிந்து பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஏற்றும் இடத்தைப் போட்டுக் காட்டினார் ஒலிப்பதிவாளர். வாத்தியார் முழுதும் கேட்டார்.

“இதை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க தம்பி. போன்ல எடுத்ததைக் கேட்டுப் பழகுற பசங்க, எல்லா அடியையும் ஒரே கத்தாக் கத்துறானுங்க. எங்க தணியணும்னு அவனுங்களுக்குக் காட்டோணும்.”